நாலு மாதம், ஒரு வீடு, இரண்டு பூனை, ஒரு வயசான நாய்

கேள்வி:

எனக்கு 51 வயது. மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவர் தனியார் நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர், பென்ஷன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. போன பொங்கலுக்கு மேல்மாடிக்காரர்கள் ஊருக்குப் போனபோது அவர்களுடைய பக் நாயை ஐந்து நாள் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் 2,000 ரூபாயும் ஒரு புடவையும் கொடுத்தார்கள். இப்போது இரண்டு தெரு தள்ளித் தனிவீட்டில் இருக்கும் ஒரு தம்பதி, பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க செப்டம்பர் நடுவில் அமெரிக்கா போகிறார்கள். தை பிறந்த பிறகுதான் வருவார்களாம். இரண்டு பெர்ஷியன் பூனைகள், 11 வயது லேப்ரடார் நாய். "காலையும் சாயங்காலமும் வந்து பார்த்துக்கொள்ள முடியுமா, என்ன வேண்டும் சொல்லுங்கள்" என்கிறார்கள். நாய் தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறது. எனக்கு ஆசைதான். இதையே தொடர்ந்து ஒரு வருமானமாக வைத்துக்கொள்ளலாமா? எவ்வளவு கேட்பது? என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்? "கடைசியில் நாய் மேய்க்கிற வேலையா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

வாசகி, மடிப்பாக்கம்

பதில்:

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வேலைக்கு வந்த நாளில் என் சொந்தக்காரர்களே என்னை "மாட்டு டாக்டர்" என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். இப்போது அவர்கள் வீட்டு ஷிட்ஸு நாய்க்கு வயிற்றுப்போக்கு என்றால் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வருகிறது. அவரைச் சமாதானப்படுத்த வேண்டாம், விட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு அவரே உங்களுக்கு வேண்டியிருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தத் தம்பதி உங்களிடம் கேட்டிருப்பது ஒரு வேலை. அந்த வீட்டில் உண்மையில் இருப்பது வேறு வேலை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்றால் மிச்சம் 22 மணி நேரம் அந்த நாய் தனியாக இருக்கும். பூனைகளுக்கு இது ஒத்துப்போகும். தட்டில் சாப்பாடு, தண்ணீர், மலஜலம் கழிக்க மண் போட்ட சுத்தமான தட்டு, படுக்க ஒரு ஜன்னல் திட்டு இருந்தால் அவை உங்களைத் தேடாது. லேப்ரடார் அப்படியல்ல. 11 வருஷம் மனிதர்கள் காலடியிலேயே படுத்துப் பழகிய நாய். லேப்ரடாருக்குப் பத்து வயதுக்கு மேல் முதுமைதான். அதை நாலு மாதம் இருட்டு வீட்டில் தனியாகப் படுக்கவைக்க முடியாது. இரண்டு மூன்று நாளில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும், கதவைப் பிராண்டும், ராத்திரி ஊளையிடும், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். அதைவிட மோசம், ராத்திரி பத்து மணிக்கு அதற்கு ஏதாவது ஆனால் காலை ஏழு மணிக்குத்தான் ஒருவருக்குத் தெரியும்.

அதனால் பணம் பேசும் முன் இதைப் பேசுங்கள். ஒன்று, ராத்திரி அந்த வீட்டில் யாராவது படுக்க வேண்டும். அல்லது நாய் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அல்லது அவர்கள் உறவில் யாராவது நாயை வைத்துக்கொண்டு, நீங்கள் வீட்டையும் பூனைகளையும் மட்டும் ஏற்க வேண்டும். உங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவதை நான் விரும்பவில்லை. மூட்டு தேய்ந்த நாய் மாடிப்படி ஏறாது, லிஃப்டில் போகப் பயப்படும், குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர் முகம் சுளிப்பார். வயசான நாய்க்கு அதன் வீடும் வாசலும் தெரிந்தபடி இருப்பதே பாதி மருந்து. ராத்திரி உங்கள் வீட்டுக்காரர் அங்கே போய்ப் படுத்துக்கொண்டால் வேலை சுலபம். நாய் மேய்க்க வேண்டாம், பக்கத்தில் கட்டிலில் படுத்தால் போதும் என்று சொல்லுங்கள். இது எதற்கும் அந்தத் தம்பதி இசையவில்லை என்றால், இந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வருத்தமாக இருக்கும். ஆனால் டிசம்பரில் ஒரு நாள் விடிகாலையில் அமெரிக்காவுக்குப் போன் போட்டு அழுவதைவிட அது மேல்.

இனி அந்த மாத்திரை. அது எதற்கு என்று நீங்கள் எழுதவில்லை, உங்களுக்குச் சொல்லப்படவும் இல்லை என்று நினைக்கிறேன். லேப்ரடாருக்கு இந்த வயதில் தினசரி மாத்திரை என்றால் தைராய்டு, இதயம், மூட்டுவலி, வலிப்பு, ஏதாகவும் இருக்கலாம். மூட்டுவலி மாத்திரை ஒரு நாள் தவறினால் நாய் நொண்டும், அவ்வளவுதான். வலிப்பு மாத்திரை தவறினால் வலிப்பே வந்துவிடலாம். மாத்திரையின் பெயர், அளவு, எந்த நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, தவறினால் என்ன செய்வது, இவ்வளவையும் அந்த நாயைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். அவர்கள் கிளம்பும் முன் நாயை ஒருமுறை அவரிடம் கூட்டிப்போகச் சொல்லி, நீங்களும் கூடப் போங்கள். ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. சிறுநீரகமும் கல்லீரலும் செப்டம்பரில் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் நவம்பரில் ஏதாவது என்றால் ஒப்பிட முடியும்.

அந்த மருத்துவரிடம் இரண்டு வித்தைகள் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, தூங்கும் நாயின் மூச்சை எண்ணுவது. நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நன்றாகத் தூங்கும் நாய்க்கு அது 30க்குள் இருக்கும். ஒரு நோட்டில் தினமும் எழுதிவாருங்கள். 18, 20 என்று இருந்தது திடீரென்று 35, 40 ஆகி அங்கேயே நின்றால், நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இரண்டாவது, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது. ரோஸ் நிறம் சரி. வெளுத்திருந்தால், நீலம் பாய்ந்திருந்தால், செங்கல் நிறத்தில் சிவந்திருந்தால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். முதல் வாரத்தில் நன்றாக இருக்கும்போதே பார்த்து மனதில் பதித்துக்கொண்டால்தான் மாறும்போது தெரியும்.

வயிறு திடீரென்று உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வெளியே வராமல் ஓங்கரித்தால் அது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அதற்குக் காலை வரை நேரம் கிடையாது. ராத்திரி திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இப்போதே நேரில் போய்ப் பார்த்துவாருங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலிருந்து இருக்கிறது, பெரிய இடம்தான். ஆனால் மடிப்பாக்கத்திலிருந்து நகரத்தின் மறுகோடி. முப்பது கிலோ நாயை ராத்திரியில் ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர் ஒருவரையும் பழக்கம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இது நான் சொன்ன மற்றதைவிட முக்கியமானது. பல உயிர்கள் போனது மருந்து இல்லாமல் அல்ல, வண்டி இல்லாமல்.

பூனைகள் அவ்வளவு பேசாது, அதனால்தான் ஏமாற்றும். நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் பரவாயில்லை, தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள். பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால், அதிலும் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு பூனைக்கும் ஒரே தட்டில் வைத்தால் எது சாப்பிட்டது எது சாப்பிடவில்லை என்று தெரியாது. தனித்தனித் தட்டு வையுங்கள். மண் தட்டைத் தினமும் அள்ளும்போது மூத்திரம் பட்டு இறுகிய மண் கட்டிகளை எண்ணுங்கள். ஆண் பூனை தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் மூத்திரம் அடைத்துவிட்டது என்று பொருள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. ஓரிரு நாளில் பூனை போய்விடும். பெர்ஷியனுக்குத் தினமும் சீப்பு போட வேண்டும், இல்லாவிட்டால் ரோமம் சடையாகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உங்களுக்குச் சீப்பு போடும் வேலைக்கே பாதி நேரம் போகும், சம்பளம் பேசும்போது மறக்காதீர்கள்.

மருந்து விஷயத்தில் ஒரே ஒரு கட்டளை. உங்கள் வீட்டு மருந்துப் பெட்டி அந்த வீட்டுக்குப் போகவே கூடாது. காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுத்தாலும் பூனை செத்துவிடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு விஷம். நாய்க்குத் தடவினால், காயும் வரை பூனையை அண்ட விடக்கூடாது. சாப்பாட்டிலும் அப்படித்தான். திராட்சை போட்ட கேசரி, பாயசம், வெங்காயம் பூண்டு போட்ட சாம்பார் சாதம், சாக்லேட், சமைத்த கோழி எலும்பு, எதுவும் வேண்டாம். லேப்ரடார் பசி என்று முகத்தை வைத்துக்கொண்டு கேட்கும். அது எப்போதும் பசிதான், நம்பாதீர்கள். தோட்டத்தில் அரளி இருக்கிறதா, அழகுக்கு வைத்த, குட்டிப் பனை மாதிரி இருக்கும் சைகஸ் செடி இருக்கிறதா (இரண்டும் விஷம்), எலி மருந்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் லில்லிப் பூ கொண்டுவந்து வைக்க வேண்டாம், பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை என்றால் சென்னையில் வருஷத்தின் கஷ்டமான பகுதி முழுக்க உங்கள் தலையில். வடகிழக்குப் பருவமழை, தீபாவளி, போகி.

மழையை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நீங்கள் மடிப்பாக்கத்துக்காரர், 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றிய தெருக்களில் தண்ணீர் வந்தால் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்றும் தெரியும். அந்த வீடு தரைத்தளமா, மாடி உண்டா, போன வெள்ளத்தில் எதுவரை தண்ணீர் ஏறியது என்று அவர்களிடம் கேளுங்கள். உங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் இரண்டு தெரு தாண்டி அங்கே போக முடியுமா என்று உங்களையே கேளுங்கள். அக்டோபர் பிறக்கும் முன் பூனைகளுக்கு இரண்டு கூண்டுப்பெட்டி, மாடியில் பத்து நாள் தீவனம், குடிநீர் கேன், நாயின் மாத்திரை இரண்டு வாரத்துக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். பூனைக் கூண்டைப் பரணில் வைக்காமல் வீட்டில் கண்ணில் படும்படி திறந்து வையுங்கள். அதில் படுத்துப் பழகிய பூனையைத்தான் அவசரத்தில் பிடித்து அடைக்க முடியும். புயல் எச்சரிக்கை வந்த நாளிலிருந்து உங்களில் ஒருவர் அங்கேயே தங்குவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள், அந்த நாட்களுக்கு என்ன கூலி என்றும் பேசிவிடுங்கள். மழை ஓய்ந்ததும் தேங்கிய தண்ணீரில் நாயை நடத்த வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அதில்தான் இருக்கும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். மூத்திரத்தைக் கழுவும்போது கையுறை போடுங்கள், அந்தக் கிருமி நமக்கும் வரும்.

தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பட்டாசுக்கு அரசு நேரம் ஒதுக்குவது 2018இலிருந்து வழக்கம். அந்த இரண்டு மணி நேரத்தோடு நிற்கும் தெரு எதையும் நான் பார்த்ததில்லை. முதல் நாள் ராத்திரியே ஆரம்பித்துவிடுவார்கள். சாயங்கால நடையை வெளிச்சத்திலேயே முடித்து, ஜன்னல் இல்லாத அறையில் மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டு நாயோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட் பூட்டியே இருக்கட்டும். பட்டாசுக்குப் பயந்து தாண்டி ஓடிய நாயைத் தேடித்தான் எங்களுக்கு அந்த வாரம் முழுக்கப் போன் வரும். கழுத்துப் பட்டையில் உங்கள் கைப்பேசி எண் இருக்கட்டும், அமெரிக்காவில் இருப்பவர் எண் இருந்து பயனில்லை. பயத்தைக் குறைக்க மாத்திரை தேவையா என்று இரண்டு வாரம் முன்னதாகவே மருத்துவரைக் கேளுங்கள், தீபாவளியன்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டுத் தீபாவளி இந்த வருஷம் அந்த வீட்டில்தான் என்று பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இது தலை தீபாவளியாக இருந்தால் இந்த வேலையை ஒத்துக்கொள்ளவே கூடாது.

வீட்டைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான். நான் டாக்டர், வீட்டுக் காவலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஞானம் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் சிலர் என்னிடம் வருகிறார்கள், அவர்கள் பட்ட பாடு தெரியும். நகையும் பத்திரமும் வங்கி லாக்கரில் இருக்கட்டும், பீரோச் சாவி உங்களிடம் வேண்டவே வேண்டாம் என்று நீங்களாகச் சொல்லுங்கள். கிளம்பும் நாளில் அவர்கள் முன்னாலேயே ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வேறு யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று கேளுங்கள். வேலைக்கு வரும் அம்மாவிடம், மைத்துனரிடம் என்று இரண்டு சாவி கிளம்பும். ஏதாவது காணோம் என்றால் பழி கடைசியாக வந்த உங்கள் மேல்தான் விழும். கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்லிவிட வேண்டும். நீங்கள் படுக்கும் அறையில் இருக்கக்கூடாது. காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருப்பதையும் நீங்கள் வந்துபோவதையும் அவர்களே எழுதிக்கொடுக்கட்டும். மோட்டார், மெயின் ஸ்விட்ச், கேஸ், இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

சட்டத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு நாயின் சொந்தக்காரரைத் தேடுவதில்லை. தன் வசம் இருக்கும் விலங்கால் பிறர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராதபடி போதிய எச்சரிக்கை எடுக்காதவர் யாராக இருந்தாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால் வசம் உங்களுடையது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறிய பிறகு சென்னையில் யாரும் நாய்க்கடியை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கிழட்டு லேப்ரடார் அப்படிச் செய்யாது என்பீர்கள். வலியில் இருக்கும் கிழட்டு நாய், குழந்தை இடுப்பில் கை வைத்தால் சட்டென்று கடிக்கும். மாநகராட்சி உரிமம் எடுத்திருக்கிறார்களா, வெறிநோய்த் தடுப்பூசி தேதி முடியவில்லையே என்று பார்த்து, இரண்டின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு வீடுகள் வரும்போது ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை மாதிரி நாட்டு நாய்கள் இருந்தால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம். எஜமானர் இருக்கும்போது உங்களைக் கொஞ்சிய நாய், அவர் இல்லாத நேரத்தில் நீங்கள் கேட்டைத் திறந்தால் வேறு நாயாகிவிடும். அவர் வெளியே போயிருக்க, நீங்கள் தனியாகச் சாவி போட்டு உள்ளே போய் வருவதை முன்னதாக இரண்டு மூன்று முறை பழகிப்பார்க்க வேண்டும். பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ இருக்கும் வீடு என்றால் அவற்றைப் பொறுப்பேற்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

பணத்துக்கு வருவோம். நீங்கள் பொங்கலுக்கு வாங்கிய 2,000 ரூபாயும் புடவையும் கூலி அல்ல, மரியாதை. அதை அளவாக வைத்துப் பேசினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு முறைக்கு ஒன்றேகால் மணி நேரம், நடக்கும் நேரம் உட்பட, என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை என்றால் நாளுக்கு இரண்டரை மணி, மாதத்துக்கு 75 மணி நேரம். அவர்கள் 9,000 ரூபாய் தருகிறோம் என்றால் மணிக்கு 120 ரூபாய். உங்கள் தெருவில் சமையலுக்கு வருகிறவருக்கு மணிக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். ராத்திரி தங்குவதற்குத் தனி விலை, புயல் நாளுக்கும் தீபாவளிக்கும் அதைவிடக் கூடுதல். பக்கத்தில் இரண்டு மூன்று நாய் போர்டிங்குகளில் ஒரு பெரிய நாய்க்கு ஒரு நாளைக்கு என்ன என்று போன் போட்டுக் கேளுங்கள். பூனைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அந்தத் தம்பதிக்கு வேறு வழி என்ன செலவாகும் என்று தெரிந்துகொண்டு பேசினால் கூச்சம் இருக்காது. மாத முதல் தேதியில் முன்பணமாக வாங்குங்கள், வங்கிக் கணக்கிலேயே வரட்டும், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியதையும் காட்டுங்கள். "நீங்க நம்ம வீட்டு மனுஷங்க மாதிரி" என்று பேச்சு ஆரம்பித்தால் கவனமாக இருங்கள். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் தள்ளுபடி.

தீவனம், மருந்து, மருத்துவர் செலவுக்குத் தனியாக ஒரு தொகை உங்களிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். உங்கள் கைக்காசைப் போட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த 120 நாளில் உங்களுக்கு ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம், ஒரு துக்கம் கட்டாயம் வரும். அன்றைக்குப் போகிறவர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரையும் நாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் மறுபடி உங்கள் வீட்டுக்காரர் வருகிறார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பேச்சு ஒன்று இருக்கிறது. அதை நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டும், அவர்கள் ஆரம்பிக்க மாட்டார்கள். 11 வயது லேப்ரடார் இந்த நாலு மாதத்தில் இறந்துபோகலாம். யார் பார்த்துக்கொண்டாலும் நடக்கக்கூடியதுதான். என் மேஜையின் மறுபக்கம் நாயைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பராமரிப்பாளரிடம் "அறுவை செய்யலாமா?" என்று கேட்டால் அவருக்கு வாய் வராது. செலவு 40,000 ஆகும், பிழைக்கும் என்று உறுதி இல்லை, எஜமானருக்கு அங்கே நடுராத்திரி, போன் எடுக்கவில்லை. ஆகவே கிளம்பும் முன் ஒரு தாளில், இருவர் கையெழுத்தோடு, எவ்வளவு செலவு வரை கேட்காமல் செய்யலாம், போன் எடுக்காவிட்டால் அவர்கள் சார்பாக முடிவு சொல்ல இந்தியாவில் யார், தேறாது என்று மருத்துவர் சொன்னால் வலி தெரியாமல் உறங்கவைக்கும் ஊசிக்குச் சம்மதமா, பிறகு தகனமா அடக்கமா, எங்கே என்று எழுதி வாங்குங்கள். அதன் ஒரு பிரதி மருத்துவரிடம் இருக்கட்டும். அவர்கள் கண் கலங்கினால் கலங்கட்டும். இந்தப் பேச்சைத் தாங்க முடியாதவர்களுடைய நாயைப் பொறுப்பேற்பது உங்களுக்கு நல்லதில்லை.

இதையே தொடர் வருமானமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். ஊருக்குப் போகிறவர்களை நம்பினால் முடியாது. மே மாதம், தீபாவளி, டிசம்பர் கடைசி, பொங்கல், இந்த நாலு சமயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், மற்ற மாதங்களில் போன் அடிக்காது. நிலையான காசு வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் கணவன் மனைவி இருவரும் ஐடி வேலைக்குப் போகும் வீடுகள் நிறைய. நாய்க்குட்டி காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை தனியாக அடைபட்டிருக்கும். மத்தியானம் ஒருமுறை போய், வெளியே விட்டு, சாப்பாடு வைத்து, அரை மணி நேரம் விளையாடிவிட்டு வருகிற ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நடந்து போகும் தூரத்தில் இப்படி மூன்று வீடு பிடித்தால் அது மாதச் சம்பளம் மாதிரி வரும். ஒரு எச்சரிக்கை. தடுப்பூசி முடியாத குட்டி இருக்கும் வீட்டுக்கு முதலில் போங்கள், மற்ற வீடுகளுக்குப் பிறகு போங்கள். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தபேதியும் வரவைக்கும் பார்வோ கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும், தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உங்களுக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு இருப்பது நல்லது. எந்த வீட்டிலாவது நாய்க்கு வாந்தியும் ரத்தபேதியும் என்றால் அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே நாய்களைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் போர்டிங் மட்டும் வேண்டாம். இரண்டு அந்நிய நாய்களை ஒரே அறையில் வைத்துப் பிரிக்கத் தெரிந்தவர்களே கடி வாங்குகிறார்கள்.

உங்களுக்கும் ஊசி உண்டு. கடிபட்ட பிறகு போடுவதை எல்லோரும் அறிவார்கள், கடிபடும் முன்னரே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் போட்டுக்கொண்டுதான் இந்த வேலை செய்கிறோம். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. இதைப் போட்டிருந்தால், பின்னால் கடிபட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், காயத்தைச் சுற்றிப் போடும் வலியான இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படாது. கடியோ நகக்கீறலோ எதுவானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பது மட்டும் மாறாது. மஞ்சளும் காபித்தூளும் அப்பாதீர்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் யோசியுங்கள்.

அவர்கள் செப்டம்பர் நடுவில் கிளம்புகிறார்கள் என்றால், மூன்றாவது ஊசியும் அதற்குள் முடிய ஆகஸ்ட் மூன்றாவது வாரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். ராத்திரி அங்கே படுக்கப் போகிறவர் என்பதால் உங்கள் வீட்டுக்காரரையும் கூடவே அழைத்துப் போங்கள்.